அரிப்புக் கவரும் ஞாபகக் கவரும்

அந்த வார்த்தை எனக்குத் தோன்றியது ஒரு புதன்கிழமை காலை, பதினொரு மணிக்கு, கவுண்டரில் பேனாவோடு நின்றபோது. தோன்றிய நொடியில் எனக்கு என்மேலேயே அப்படி ஒரு பெருமை. அந்தப் பெருமையைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதப்போகிறேன். கோபமாகத்தான் எழுதுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இளையவர்களுக்கு அனுபவம் சொல்வதெல்லாம் ஓய்வு பெற்றவர்கள் செய்கிற வேலை. எனக்கு இருபத்தெட்டு வயது. மருந்துக்கடைக் கவுண்டரில் ஆறு வருடம். இந்த மாதம் எங்கள் சின்னாளப்பட்டிக் கடைக்கு வந்து சேர்ந்திருக்கிற உங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்து வாயால் சொல்லித்தான் பார்த்தேன். நடுவில் பத்துத் தடவை ஆள் வந்ததில் கதை சிதறிப்போனது. அதனால் எழுதுகிறேன். அறுபது வயதுவரை காத்திருந்தால் இந்தக் கோபம் ஆறி, நல்ல புத்திமதியாக மாறிவிடும். அது எனக்கு வேண்டாம்.

படிப்பு முடித்ததும் நான் சேர்ந்தது திண்டுக்கல் டவுனில், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மருந்துக்கடை. சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் முதலில் ஏறுகிற கடை. அங்கே மாத்திரையை அட்டையோடு கொடுக்கிற பழக்கம் குறைவு. எத்தனை வேண்டுமோ அத்தனை கத்தரித்து, சின்னக் காகிதக் கவரில் போட்டுக் கொடுப்போம். கவரில் சூரியன், உச்சிவெயில், நிலா என்று மூன்று படம் அச்சடித்திருக்கும். எந்த வேளைக்கோ அந்தப் படத்தின் கீழே ஒரு கோடு. அவ்வளவுதான்.

நான் சேர்ந்த இரண்டாவது மாதமே இதை மாற்றினேன். வயதானவர்கள் பை நிறையக் கவர் வைத்திருப்பார்கள். எது எதற்கு என்று தெரியாது. மாத்திரையின் பெயர் வாயில் நுழையாது. அதனால் கவரின் தலையில் தமிழில் பெரிதாக எழுத ஆரம்பித்தேன். சர்க்கரை. பிரஷர். மூட்டு. வாயு. மாத்திரையின் பெயரை எழுதவில்லை. இடம் போதாது, எழுதினாலும் யார் வாசிக்கப்போகிறார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஆட்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. "அந்த எழுதிக் குடுக்குற பாப்பாகிட்டதான் வாங்குவேன்" என்று எனக்கு முன்னால் தனியாக ஒரு வரிசையே நின்றது. வரிசை நிற்கிற இடத்தில் அறிவு கொஞ்சம் தள்ளித்தான் நிற்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அந்தப் புதன்கிழமை வரிசையில் வந்தவர் லூர்து மேரி அக்கா. அவர் கணவரைத் திண்டுக்கல்லில் பாதிப் பேருக்குத் தெரியும். அருளானந்தம் மாஸ்டர். கல்யாண வீட்டுப் பிரியாணி மாஸ்டர். அறுபத்தெட்டு வயது. முந்நூறு பேருக்கானாலும் ஆயிரம் பேருக்கானாலும் உப்பை அளக்கமாட்டார், கையால் அள்ளிப் போடுவார், அளவு அப்படியே நிற்கும் என்பார்கள். அந்த மாஸ்டர் அகரம் ஊரில் ஒரு கல்யாணத்தில் ஒரே அண்டாவில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டார். பெண்வீட்டார் பந்தியிலேயே இலையை மூடிவிட்டு எழுந்திருக்கிறார்கள்.

"அன்னைக்கிருந்து ஆளு ஒரு மாதிரியா இருக்காக பாப்பா" என்றார் அக்கா. "அடுப்பப் பத்த வச்சுட்டு எதுக்குப் பத்த வச்சோம்னு நிக்கிறாக. நேத்து என்னயவே அவுக அக்கா பேரச் சொல்லிக் கூப்புடுறாக. மறதிக்கு ஏதாச்சும் குடேன்."

எனக்குப் பின்னால் அலமாரியில் அந்த வாரம்தான் வந்து இறங்கிய மீன் எண்ணெய் மாத்திரை, தங்க நிறத்தில், வரிசை வரிசையாக. டப்பாவில் மூளைப் படம். கம்பெனிப் பிரதிநிதி முதல்நாள்தான் வகுப்பு எடுத்துவிட்டுப் போயிருந்தார். நான் யோசிக்கவே இல்லை. எடுத்தேன்.

"இது மீன் எண்ணெய் அக்கா. மறதிக்கு நல்லது."

"மறதிக்கா?" அக்கா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "இருக்குற மறதி பத்தாதுன்னு இது வேறயா?"

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். சரிதானே, மறதி மாத்திரை என்றால் மறதி வருவதற்கா, போவதற்கா? அப்போதுதான் தோன்றியது. கவரை எடுத்து, பெரிய எழுத்தில், ஞாபகம் என்று எழுதினேன்.

அக்கா முகம் மலர்ந்துபோனது. கவரை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இதப் பாத்தாலே அவுகளுக்குப் பாதி வந்துரும்" என்றார். போகும்போது, "அப்புறம் அவுகளுக்கு எப்பயும் வாங்குற அந்த அரிப்பு மாத்திரையும் இருவது குடுத்துரு" என்றார். கொடுத்தேன். அதற்கும் ஒரு கவர். அதில் அரிப்பு என்று எழுதினேன்.

இரண்டு கவர், ஒரே பேனா, ஒரே நிமிடம். அந்த நிமிடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அதைத்தான் இன்னும் விழுங்க முடியாமல் இருக்கிறேன்.

அடுத்த மாதம் கம்பெனிப் பிரதிநிதி வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, எதற்கும் ஒரு மேடம். எங்கள் கடையில் மட்டும் டப்பா எப்படி இப்படி ஓடுகிறது என்று கேட்டார். முதலாளி பெருமையாக என் கவரை எடுத்துக் காட்டினார்.

"மேடம்! இது வேற லெவல் மேடம். நாங்க இம்புட்டு விளம்பரம் பண்ணி வராதது ஒரே வார்த்தையில வந்துருச்சே!"

போன் எடுத்துக் கவரைப் படம் பிடித்துக்கொண்டார். அதற்கடுத்த மாதம் கம்பெனியிலிருந்து எனக்குச் 'சிறந்த ஆலோசகர்' என்று ஒரு சான்றிதழும், மூளைப் படம் போட்ட ஒரு காபிக் கோப்பையும் வந்தன. சான்றிதழை முதலாளி சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேல் மாட்டினார். நான் அதன் கீழே நின்று அம்மாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.

பிறகு ஒருநாள் ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வந்தார். தேங்காய் லோடு இறக்கிவிட்டு வந்த கையோடு நின்றார்.

"ஏனுங்க, அந்த ஞாபகக் கவர் இருந்தாக் குடுங்க. எங்கூருக் கடையில தீந்துபோச்சுங்க."

எனக்குப் புரியவில்லை. உங்கள் ஊர்க் கடையிலா என்று கேட்டேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினார். வேறு கடைக் கவர். வேறு கையெழுத்து. ஆனால் என் வார்த்தை.

இன்றைக்கு இதை நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது. அன்றைக்கு நான் சந்தோஷத்தில் அவருக்கு இரண்டு டப்பா கொடுத்தேன். அவருக்கு என்ன மறதி, எப்போதிருந்து, வேறு என்னென்ன சாப்பிடுகிறார், காது கேட்கிறதா, ஒன்றும் கேட்கவில்லை. என் வார்த்தை ஒட்டன்சத்திரம்வரை போயிருக்கிறதே என்று மட்டும் நினைத்தேன்.

மாஸ்டர் ஒருதடவை அவரே வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் இரண்டு கவர். நடையில் ஒரு தள்ளாட்டம் இருந்தது. ஆனால் வாய் குறையவில்லை.

"நீதான அந்த எழுத்துக்காரப் பாப்பா? நானும் ரெண்டு மாசமா முழுங்குறேன். மீனக் கொழம்பு வச்சுத் தின்னா வராத ஞாபகம் கோந்துக்குள்ள அடச்சுக் குடுத்தா வந்துருமாக்கும்?"

"கொஞ்ச நாள் ஆகும் மாஸ்டர். விடாமச் சாப்பிடுங்க."

"ஏப்பம் விட்டா மீன் வாடதான் வருது. ஞாபகம் வரல." கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு குரலைத் தணித்தார். "பாப்பா, வீட்ல எங்கிட்டருந்து தீப்பெட்டிய ஒளிச்சு வச்சுட்டாளுக. நாப்பத்தஞ்சு வருசம் அடுப்போட நின்னவன். எம் பேத்திக்கு ஈஸ்டர் முடிஞ்சு கோயில்ல புதுநன்மை, மொத மொத நற்கருணை வாங்கப்போறா. அந்த விருந்துக்கு வேற மாஸ்டருக்குச் சொல்லிட்டாங்க. எம் பேத்தி விருந்துல வேற எவனோ உப்புப் போடப்போறான். அதுக்குள்ள இது வேல செய்யுமா, செய்யாதா? உள்ளதச் சொல்லு."

"செய்யும் மாஸ்டர்" என்றேன்.

இதைப் படிக்கிற உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரியாது. செய்யும் என்று எனக்குத் தெரியாது. மீன் சாப்பிடுவது நல்லது என்று படித்திருக்கிறேன். ரத்தத்தில் ஒருவகைக் கொழுப்பு மிஞ்சிப்போனவர்களுக்கு இந்த எண்ணெயை டாக்டர்களே அளவு பார்த்து எழுதுகிறார்கள் என்பதும் தெரியும். ஆனால் வயதான ஒருவருக்கு வந்த மறதியை இந்த மாத்திரை திருப்பிவிடும், வராதவருக்கு வராமல் காக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. டப்பாவைக் கொஞ்சம் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்திருந்தால், எந்த நோயையும் குணப்படுத்துவதற்கானது அல்ல என்று கம்பெனிக்காரனே எழுதி வைத்திருப்பது தெரிந்திருக்கும். மூளைப் படம் பெரிதாக முன்னால், உண்மை பொடியாகப் பின்னால். நான் பின்பக்கம் திருப்பவே இல்லை. ஒரு மனிதர் நேருக்கு நேர் 'உள்ளதச் சொல்லு' என்று கேட்கிறார். நான் சொன்னது விளம்பரம்.

அவர் இன்னொன்றும் சொன்னார். கிளம்பும்போது, போகிறபோக்கில். "நாக்கு வேற வறண்டு கெடக்கு பாப்பா. உப்பு, புளி ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. கண்ணும் மங்கலா இருக்கு."

"தண்ணி நெறயக் குடிங்க மாஸ்டர்."

வறண்ட நாக்கு. மங்கல் பார்வை. தள்ளாட்டம். மறதி. நீங்கள் இப்போதுதான் கல்லூரியிலிருந்து வந்திருக்கிறீர்கள், உங்களுக்கு மணி அடித்திருக்கும். எனக்கும் அடித்திருக்க வேண்டும். இந்த நாலும் சேர்ந்து வந்தால் எதைச் சந்தேகப்பட வேண்டும் என்று பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதி மார்க் வாங்கியவள் நான். தாளில் வந்தால் தெரிகிறது. வேட்டி கட்டிக்கொண்டு கவுண்டருக்கு வந்து, கையில் கவரோடு பேசினால் தெரியவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கி இரண்டாவது வாரம். மத்தியானம் மூன்று மணி இருக்கும், கடையில் நல்ல கூட்டம். லூர்து மேரி அக்கா ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடிவந்தார். ஒரு கையில் மஞ்சள் பை. இன்னொரு கையில் போன்.

"பாப்பா, அவுகளுக்குக் காலையிலருந்து ஒண்ணுக்கே போகல. வயிறு பானையாட்டம் வீங்கிப்போச்சு. பெரியாஸ்பத்திரில சேத்துருக்கோம். யாரு எவருன்னு தெரியாம உளர்றாக. டாக்டரு கவரப் பாத்துட்டு, இதுல என்ன மாத்திர இருக்குன்னு எழுதுனவங்களயே கேட்டுட்டு வாங்கன்னு வெரட்டி விட்டாரு. இந்தா, லைன்லதான் இருக்காரு, பேசு!"

பையைக் கவுண்டரில் கவிழ்த்தார். என் கையெழுத்து கொட்டியது. ஞாபகம், ஞாபகம், அரிப்பு, வாயு, அரிப்பு, அரிப்பு. ஒரு கவரில்கூட மாத்திரையின் பெயர் இல்லை. இடம் போதாது என்று நான் விட்ட பெயர். உள்ளே கத்தரித்த துண்டுகள், பெயர் இருக்கிற ஓரம் எப்போதோ போய்விட்டது.

போனை வாங்கப்போன என் மணிக்கட்டை முதலாளி பிடித்தார். வாடிக்கையாளர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, பல்லுக்குள்ளே பேசினார்.

"ஏம்மா, நம்ம கவருன்னு யாரு சொன்னது? டாக்டர் சீட்டு இல்லாமக் குடுத்தது. எழுதுனது யாருன்னு தெரியலன்னு சொல்லிட்டு வச்சிரு."

"ஆஸ்பத்திரியில ஆளு கெடக்காரு சார்."

"அவங்க பாத்துக்குவாங்க. டெஸ்ட்டெல்லாம் இருக்கு. நீ எதுக்கு உள்ள போற?"

எனக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர். கல்லாவுக்கு மேல் என் சான்றிதழ். அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். நான் வீராங்கனை ஒன்றும் இல்லை. ஒரு நொடி, உண்மையிலேயே ஒரு முழு நொடி, தெரியாது என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். அந்த நொடியையும் உங்களிடம் மறைக்கக் கூடாது. ஏனென்றால் உங்களுக்கும் அது வரும்.

கையை உதறிவிட்டுப் போனை வாங்கினேன்.

"சார், அரிப்புன்னு எழுதியிருக்கிறது அலர்ஜி மாத்திரை. தூக்கம் வருமே, அந்தப் பழைய வகை" என்று பெயரையும் அளவையும் சொன்னேன்.

"ஒரு நாளைக்கு எத்தனை?" இளவயதுக் குரல். என் வயதுதான் இருக்கும். அவசரமாக இருந்தது.

அக்காவைப் பார்த்தேன். "காலைல ஒண்ணு, ராத்திரிக்கு ரெண்டு. அரிப்புக் கூடுனா மத்தியானமும்" என்றார்.

"எத்தனை நாளா?"

"மூணு வருசமா" என்றார் அக்கா. "மொளகா நெடியில கையெல்லாம் தடிச்சுச்சுன்னு ஒரு டாக்டரு எழுதுனாரு. கேட்டா இருந்துச்சுன்னு அப்படியே வாங்கிக்கிட்டோம்."

பின்னாளில் அந்த டாக்டர் சீட்டை வாங்கிப் பார்த்தேன். ஐந்து நாளைக்கு என்று எழுதியிருந்தது. ஐந்து நாள். நாங்கள் மூன்று வருடம் கொடுத்தோம்.

அக்கா சொன்னதையெல்லாம் போனில் சொன்னேன். பிறகு டாக்டர் கேட்டார். "ஞாபகம்னு ஒண்ணு இருக்கே, அது என்ன?"

"மீன் எண்ணெய் சார்."

"நீங்க பார்மசிஸ்ட்டா?"

"ஆமா சார்."

"அறுபத்தெட்டு வயசுக்காரருக்கு மூணு வருசமா அந்த அலர்ஜி மாத்திரையக் குடுத்திருக்கீங்க. ஒண்ணுக்கு அடைச்சதுக்கும் மண்டை கொழம்புனதுக்கும் அது போதும். மறதியையும் நீங்களே குடுத்துட்டு, அதுக்கு மருந்துன்னு மீன் எண்ணெயையும் நீங்களே வித்திருக்கீங்க. நல்லா இருக்கு மேடம் உங்க கடை."

போன் வைக்கப்பட்டது. மறதி மாத்திரை என்று நாங்கள் எல்லோரும் சிரித்தோமே, அது உண்மையாகவே அங்கே இருந்தது. பக்கத்துக் கவரில். அரிப்பு என்ற பெயரில். அக்கா அன்றைக்குக் கேட்டது வேடிக்கை இல்லை. இருக்கிற மறதி போதாதென்று இது வேறா? கேட்கவேண்டிய ஒரே கேள்வி அதுதான். அதைக் கேட்டவர் எட்டாம் வகுப்புப் படித்தவர். சிரித்தது நான்.

இப்போது உங்களுக்கு, நேராக. வயதானவருக்கு மறதி என்று யார் வந்து நின்றாலும் முதலில் அவருடைய பையைக் கேளுங்கள். எல்லாக் கவரும் கவுண்டருக்கு வரவேண்டும். தூக்க மாத்திரையா, அலர்ஜி மாத்திரையா, இருமல் டானிக்கா, இரண்டு டாக்டர் எழுதிய ஒரே மாத்திரையா, பாருங்கள். அப்புறம் டாக்டரிடம் அனுப்புங்கள். தைராய்டு குறைந்திருக்கலாம், சத்துக் குறைந்திருக்கலாம், சர்க்கரை இறங்கியிருக்கலாம், பாவம், காதே கேட்காமலும் இருக்கலாம். எதுவுமே இல்லாமல், உண்மையிலேயே மூளைத் தேய்வாகவும் இருக்கலாம். எல்லோருக்கும் மாஸ்டருக்குத் திரும்பியதுபோலத் திரும்பிவிடாது. அப்படி யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். இன்னொன்று, ரத்தத்தை இளக்குகிற மாத்திரை சாப்பிடுகிறவர் மீன் எண்ணெய் கேட்டால், டாக்டரைக் கேட்காமல் கையில் கொடுக்காதீர்கள்.

மீன் எண்ணெய்மேல் எனக்குக் கோபம் இல்லை. அது பாட்டுக்கு ஒரு எண்ணெய். அந்த வார்த்தைமேல்தான் கோபம். ஞாபகம் என்று நான் எழுதிய பிறகு அந்த வீட்டில் யாருமே டாக்டரைத் தேடவில்லை. எதற்குத் தேட வேண்டும்? ஞாபகத்துக்குத்தான் கவர் இருக்கிறதே. மாஸ்டர் தடுமாறத் தடுமாற, 'இன்னும் பிடிக்கல போல, அடுத்த கவர் வாங்கு' என்றார்கள். நாலு மாதம் அந்த வார்த்தை ஒரு கதவைப்போல மூடிக்கொண்டு நின்றது. கேட்க வந்தவர்கள் ஏமாளிகள் இல்லை. பயந்துபோயிருந்தவர்கள். தாயோ புருஷனோ கண்ணெதிரே கரைவதைப் பார்க்கிற பயம். அந்தப் பயத்தின்மேல் தங்க நிற மாத்திரையை அடுக்கி வைத்து விற்கிறார்களே, அவர்கள்மேல் கோபம். அவர்களுக்கு வார்த்தை எடுத்துக் கொடுத்த என்மேல் அதைவிடக் கோபம்.

அன்று மாலை முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார்.

"படிச்ச திமிரக் காட்டிட்டேல்ல? நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா கடைய இழுத்துப் பூட்டணும், தெரியுமா?"

"சார், இனிமே அந்த மாத்திரையச் சீட்டு இல்லாமத் தர மாட்டேன். ஞாபகம்னும் எழுத மாட்டேன்."

"நீ எழுதலன்னா வேற ஆளு எழுதும். வார்த்த உன் சொத்தா?"

இருபது நாள் கழித்து அந்தக் கடையை விட்டு வந்தேன். சான்றிதழை அங்கேயே விட்டேன். கோப்பை மட்டும் எப்படியோ பையில் வந்துவிட்டது. அதில் இப்போது பேனா போட்டு வைத்திருக்கிறேன், நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

மாஸ்டருக்கு அந்த மாத்திரையை ஆஸ்பத்திரியிலேயே நிறுத்தினார்கள். கைக்குத் தடவ மருந்தும் வேறு மாத்திரையும் எழுதினார்கள். முதல் வாரம் தூக்கம் இல்லாமல் வீட்டையே ரெண்டுபடுத்தினாராம். மூன்றாம் வாரம், புளிக்குழம்பில் உப்பு ஒரு கல் கூட என்று அக்காவிடம் சண்டை போட்டிருக்கிறார். அக்கா அழுதுகொண்டே எனக்குப் போன் செய்தார். "சண்டக்கி வாராக பாப்பா! பழையபடி சண்டக்கி வாராக!" எல்லாம் முழுசாகத் திரும்பியது என்று சொல்லமாட்டேன். சில பெயர்களுக்கு இன்னும் தடுமாறுகிறார். ஆனால் தீப்பெட்டி கைக்கு வந்தது. விருந்துக்குச் சொல்லியிருந்த வேறு மாஸ்டரைத் தானே போய்ப் பார்த்து, தோளில் கைபோட்டு, "நீ வா, ஆனா உப்பு எனக்கு" என்றாராம்.

புதுநன்மைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். போகப் பயமாக இருந்தது. போனேன். மண்டபத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை, மூன்று அண்டா, விறகுப் புகை. மாஸ்டர் நெற்றியில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் கரண்டியில் கொஞ்சம் எடுத்து, ஊதி, உள்ளங்கையில் வைத்தார்.

"உப்புப் பாரு."

பார்த்தேன். சரியாக இருந்தது.

"மாஸ்டர், அந்த ரெண்டு கவரும் நான் எழுதினது" என்றேன்.

"தெரியும். எம் பொண்டாட்டி சொல்லிட்டா." அண்டாவை மூடினார். மூடிமேல் நெருப்புக் கங்குகளை வாரிப்போட்டார். அதை முடித்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார். சிரிப்பு இல்லை.

"நான் ரெண்டு தடவ உப்புப் போட்டேன். அதுக்கு எங்கிட்டருந்து தீப்பெட்டியப் புடுங்குனாங்க. நீ ரெண்டு கவரு எழுதுன. உங்கிட்டருந்து எதப் புடுங்குறது?"

"பேனாவை" என்றேன்.

"அத வச்சு நான் என்ன பண்ண? எனக்கு எழுதவா வரும்?" கரண்டியை என் பக்கம் நீட்டினார். "நீ எழுதுன வார்த்த ஊரெல்லாம் சுத்துதாமுல்ல? நீயே போயி அழி. அழிச்சுட்டு வந்து சொல்லு. அன்னைக்கு உனக்குத் தனியாத் தம் போடுறேன். அதுவரைக்கும் நீ இங்க வெறும் விருந்தாளி."

மன்னிப்புக் கிடைக்கும் என்று போனேன். வேலை கிடைத்தது.

போனவாரம் நிலக்கோட்டையில் ஒரு கடையில் பார்த்தேன். கம்பெனியே இப்போது கவர் அச்சடித்து இலவசமாகக் கொடுக்கிறது. மேலே மீன் படம், கீழே ஞாபகம் என்ற வார்த்தை. என் கையெழுத்தேதான். நான் 'ஞா'வின் காலை இழுத்து எழுதுவது அப்படியே இருக்கிறது. போனில் பிடித்த படத்தை அச்சுக்குக் கொடுத்திருக்கிறார்கள். கடைக்காரரிடம் இது என் எழுத்து என்றேன். "அப்படியா மேடம், நல்லா ஓடுது" என்றார்.

அதனால் நானும் கவர் அச்சடித்திருக்கிறேன். எங்கள் கடை மேசைமேல் இருக்கிற கட்டு அதுதான். சூரியன், உச்சிவெயில், நிலா அப்படியே இருக்கும். கீழே மூன்று கோடு. மாத்திரையின் பெயர். எதற்கு. எத்தனை நாளைக்கு. மூன்றாவது கோடு இருந்திருந்தால் ஐந்து நாள் மூன்று வருடம் ஆகியிருக்காது. முதல் கோடு இருந்திருந்தால் அக்கா ஆட்டோ பிடித்து ஓடிவந்திருக்க வேண்டாம்.

எனக்குத் தெரிந்து அந்த மீன் கவரை வைத்திருக்கிற கடைகள் ஒன்பது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தொடங்குகிறேன். ஒவ்வொரு கடையிலும் இந்தக் கதையைச் சொல்லி, அந்தக் கவரை எடுத்துக்கொண்டு இந்தக் கட்டைக் கொடுத்துவிட்டு வருவதாகத் திட்டம். பாதிப் பேர் துரத்துவார்கள். துரத்தட்டும், மறுவாரம் போவேன். முதல் கடை என் பழைய கடை. கல்லாவுக்கு மேல் என் சான்றிதழ் இன்னும் தொங்குகிறதாம். முதலில் அதைக் கழற்ற வேண்டும், ஸ்டூல் போட்டால்தான் எட்டும்.

உங்களில் ஒருவர் கூட வாருங்கள், ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள.